நூறு கண்ணியும் நாலு மிச்சமும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதக் கடைசியில், ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நடந்தது இது. என் மகள் ஜெர்மனிக்கு விமானம் ஏற இன்னும் சரியாக இருபத்தாறு நாட்கள் இருந்தன. நாள் கணக்கு எனக்கு ஏன் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்றால், அந்த இருபத்தாறில் நாலு நாட்களை வீணடித்தவன் நான்தான்.

நான் ஒரு மேல்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். இருபத்து நான்கு வருட சர்வீஸ். ஊரில் யாராவது பாகம் பிரிக்க நிலத்தை அளந்தாலும், கல்யாணப் பந்திக்கு எத்தனை படி அரிசி உலை வைப்பது என்று குழம்பினாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நானும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கும்போதே பாதி விடையைச் சொல்லிவிடுவேன். கணக்கு என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லையென்று சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்ப மாட்டார்கள்.

மகள் நர்சிங் முடித்து, மதுரையில் தங்கி ஜெர்மன் படித்து, பரீட்சைகளைத் தாண்டி, அங்கே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேரக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட், விசா, ஏஜென்சி, சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் நானும் மகளும்தான் அலைந்தோம். என் மனைவிக்கு அதில் எதுவும் பிடிபடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசும்போது, காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். தோப்பையும் வீட்டையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆளுகிறவள், சொந்த மகள் கிளம்பும்போது தான் ஒன்றும் செய்யவில்லையே என்று தவித்ததை நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் அவளாகத்தான் சொன்னாள், "அங்கன குளிரு எலும்பைத் துளைக்குமாம்ல. நான் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுக்கப் போறேன்."

பின்னல் அவளுக்குப் புதிதல்ல. சிறு பெண்ணாக இருந்தபோது கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் ஒரு சிஸ்டரிடம் கற்றது. தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் இவள் பின்னிய குல்லாவும் காலுறையும் போய்விடும். ஆனால் ஆளுயர ஸ்வெட்டர் இதுதான் முதல் தடவை. அளவு பிசகக் கூடாதே என்று மகள் இணையத்திலிருந்து, வரிசை வரிசையாகப் பின்னும் முறை எழுதிய ஒரு பேட்டர்னை எடுத்துக் கொடுத்தாள். மகள் ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லச் சொல்ல, அம்மா பழைய டைரி ஒன்றில் தமிழில் எழுதிக்கொண்டாள். தேனிக்குப் போய் கரும்பச்சையில் உல்லன் நூல் வாங்கி வந்தார்கள். அந்த ஸ்வெட்டர்தான், மகளின் இந்தப் பயணத்தில் என் மனைவியின் கையால் நடக்கிற ஒரே காரியம்.

முதுகுப் பக்கத்தை முதலில் ஆரம்பித்தாள். ஒன்பது நாள் பின்னினாள். மதியச் சாப்பாட்டுக்கும் மாலை ஜெபத்துக்கும் இடையில் ஊசிகள் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். அக்குள் வரை வந்ததும் பேட்டர்ன்படி கைக்குக் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு முன்னால் ஊசியில் நூற்றைந்து கண்ணிகள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஊசியில் ஏறி நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்பார்கள். இவள் எண்ணினாள், நூறு. மகள் எண்ணினாள், நூறு. திரும்ப எண்ணினாலும் அதே நூறு.

"அஞ்சு கண்ணி எங்க போச்சுன்னே தெரியலைங்க" என்று என்னிடம் வந்தாள்.

இப்படி ஒரு வாய்ப்பை நான் விடுவேனா? டைரியை வாங்கினேன். கணக்கு எளிமையானது. முதலில் எண்பத்து நான்கு கண்ணி ஏற்ற வேண்டும். அதில் பதினெட்டு வரிசை பட்டி, அதாவது ஸ்வெட்டரின் அடியில் இழுத்துப் பிடிக்கும் பாகம். பட்டி முடிந்ததும் வரும் வரிசையில், 'நாலு பின்னு, ஒண்ணு கூட்டு' என்று கடைசி வரை போக வேண்டும். எண்பத்து நான்கில் இருபத்தொரு நான்குகள். எனவே இருபத்தொன்று கூடும், நூற்றைந்து வரும். பேட்டர்ன் எழுதியவர் கணக்கில் பிழை இல்லை.

அப்படியானால் பிழை நம் வீட்டில்தான். நான் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். நான்கு கண்ணி ஐந்தாகிறது. முடிவில் நூறு இருக்கிறது என்றால், நூறை ஐந்தால் வகுத்து நான்கால் பெருக்கு. எண்பது. ஆக இவள் முதலில் ஏற்றியதே எண்பதுதான், நான்கு குறைவு. பேனாவை மூடினேன்.

"நீ எண்பத்து நாலு ஏத்தல. எண்பதுதான் ஏத்தியிருக்க."

"இல்லங்க. எண்ணித்தான ஏத்துனேன். இருபத்தொண்ணு இருபத்தொண்ணா, நாலு கூறு. நடுவுல செவப்பு நூலு கூட கட்டி வச்சேன்."

"எண்ணிக் காட்டு பாப்போம்."

அவள் எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

நான் துள்ளிவிட்டேன். எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நல்ல வார்த்தையில் தொடங்க வேண்டும் என்கிற வழக்கம். என் மாமனார் வீட்டில் இரண்டு போகமும் நெல் அளந்து வளர்ந்தவள், கண்ணியையும் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு வேறென்ன வேண்டும்? நான்கு கூறு, நான்கு லாபம், நான்கு கண்ணி குறைவு! ஒரு கூறுக்கு ஒன்று வீதம் லாபத்தில் தொலைந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். வகுப்பில் தேற்றத்தை நிரூபித்து முடித்தால் வரும் சந்தோஷம் அப்போது எனக்கு வந்தது.

"லாபம்னா ஒண்ணுதாங்க. எங்க அப்பா மூட்டை மூட்டையா அப்பிடித்தான் அளந்தாக. ஒரு படி குறைஞ்சதில்ல" என்றாள்.

"வாய் லாபம்னு சொல்லும், கை ரெண்டுல இருந்து ஆரம்பிக்கும். உனக்கே தெரியாது."

அவள் விடவில்லை. "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? கீழ பட்டியில எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணுங்க. கூட்டுற வரிசையில கடைசியா நாலு கண்ணி மிச்சம் நின்னுச்சு. சரி போகட்டும்னு சும்மா பின்னி விட்டுட்டேன். அதுல ஏதாச்சும்..." என்று இழுத்தாள்.

பட்டியில் கண்ணிகள் நெருங்கிச் சுருங்கிக் கிடக்கும், எண்ணுவது கஷ்டம். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. மிச்சம் நின்ற நான்கு பற்றியும் காதில் வாங்கவில்லை. "கணக்கு தெளிவா இருக்கும்போது எண்ணுறது எதுக்கு? எண்பதுல ஆரம்பிச்சது எப்படியும் நூத்தஞ்சு ஆகாது. பிரிச்சிட்டுப் புதுசா போடு. நாள் வீணாகாது" என்று சொல்லி, ஊசியை உருவிவிட்டு நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

நானேதான் இழுத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கம்பளி பிரிவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒரு வரிசை இந்தப் பக்கம் ஓடும், அடுத்தது அந்தப் பக்கம் ஓடும். ஒன்பது நாள் வேலை பத்து நிமிடத்தில் சுருள் சுருளாக என் மடியில் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அங்கே இல்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திய பாத்திரங்கள் அவை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்றே மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாக்குச்சீட்டு எண்ணுகிற அதிகாரி மாதிரி, ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லி எண்பத்து நான்கு கண்ணி ஏற்ற வைத்தேன். லாபத்துக்கு இடமே கொடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ஒருமுறை சரிபார்க்கவும் சொன்னேன். எண்பத்து நான்கு. சந்தேகமே கிடையாது.

இரண்டு நாளில் பட்டி முடிந்தது. கூட்டும் வரிசை வந்தபோது நான் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவியும் மகளும் எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு மகள் வெளியே வந்தாள்.

"அப்பா, நூறு. நாலு மிச்சம்."

சட்டையைக் கொக்கியில் மாட்டக்கூட நான் நிற்கவில்லை. நானே போய் எண்ணினேன். நூறுதான்.

"இப்ப லாபம் எங்கப்பா போச்சு?" என்று மகள் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மனைவி என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஊசியோடு அப்படியே சுருட்டி ஒரு பையில் போட்டாள். "வேணாம்ங்க. எனக்கு இம்புட்டுத்தான் வரும். கடையில நல்லதாப் பாத்து வாங்கிக் குடுத்துருவோம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. தனக்கு வராது என்று அவளே நம்பிவிட்டாள். அப்படி நம்ப வைத்தவன் நான்.

இரண்டு நாள் நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். எண்பத்து நான்கில் ஆரம்பித்து நூறு வருவதற்கு என்ன வழி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். சமன்பாடு போட்டேன். பதினாறு கூடியிருக்கிறது, இருபத்தொன்று கூடியிருக்க வேண்டும், ஐந்து இடத்தில் அவள் மறந்திருக்கிறாள் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டு தடவையும் சொல்லிவைத்தாற்போல் அதே ஐந்து இடத்தை யாராவது மறப்பார்களா? அந்தக் கேள்வி எனக்கே இடித்தது. ஆனாலும் வேறு விடை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை ஸ்வெட்டர் வாங்கக் குமுளிக்குக் கிளம்பினோம். மேலே குளிர் என்பதால் அங்கே கம்பளிக் கடைகள் உண்டு. மகள் வங்கி வேலையாக மதுரை போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கம்பம் வந்து குமுளி பஸ் பிடித்தோம். கூடலூர் தாண்டியதும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் எதிரே காலியாக இறங்கிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாமல் அந்தப் பின்னலையும் டைரியையும் என் நோட்டையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். தோற்றுப்போன கணக்கை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை.

மூன்றாவதாக ஏறிய கடையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வடக்கேயிருந்து வந்த சுற்றுலாக்காரர்களிடம் இந்தியில் சால்வைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கண் அவர்கள் மேல் இருந்தது. கை மட்டும் மடியில் ஒரு சிவப்புக் குல்லாவைப் பின்னிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட அவள் ஊசியைக் குனிந்து பார்க்கவில்லை. அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன்.

நான் பையிலிருந்து பின்னலை எடுத்ததும் மனைவிக்கு முகம் சிவந்தது. "இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீக? ஊரு விட்டு ஊரு வந்து என் மானத்தை வாங்கவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் கேட்கவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் பிரச்சினையைச் சொல்லி, என் நோட்டை விரித்து, சமன்பாடுகளை ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தேன். அவள் மரியாதைக்கு முதல் பக்கத்தை மட்டும் பார்த்தாள்.

"வாத்தியாரா?"

"ஆமா. கணக்கு."

"மதி மாஷே" என்று நோட்டை மெல்ல மூடி என் பக்கமே தள்ளிவிட்டாள். மலையாளத்தில் வாத்தியாரை மாஷ் என்பார்கள், அக்காவைச் சேச்சி என்பார்கள். மதி என்றால் போதும். பிறகு தன் ஊசியையும் மிச்ச நூல் உருண்டை ஒன்றையும் எடுத்து என் மனைவியிடம் நீட்டினாள். "சேச்சி, இங்கோட்டு இருக்கி. கொஞ்சம் கண்ணி ஏத்தி, நாலு பின்னி, ஒண்ணு கூட்டிக் காட்டு. நான் கை பாக்கட்டே."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்துப் பதினைந்து கண்ணி ஏற்றினாள். நான்கு பின்னினாள். பிறகு அடுத்த கண்ணிக்குள் ஊசியை முன்பக்கமாக விட்டு ஒரு தடவை பின்னினாள். அதைக் கழற்றாமலே பின்பக்கமாக விட்டு இன்னொரு தடவை பின்னினாள். ஒரு கண்ணி இரண்டாகிவிட்டது. மடத்து சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி முப்பது வருடமாக அவள் குல்லாக்களில் கூட்டுவது இப்படித்தான்.

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. காணாமல் போன சாவி கையிலேயே இருந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"சேச்சி நல்லாத்தான் செய்யுது, ஒரு தப்பும் இல்ல. ஆனா பாருங்க, சேச்சி நாலு பின்னிட்டு அஞ்சாவது கண்ணியை ரெண்டாக்குது. அப்போ ஒரு தடவைக்கு அஞ்சு கண்ணி செலவு. பேட்டர்ன்ல நாலுதான் செலவு. அதுல கூட்டுறது புதுசா வரணும், இருக்குற கண்ணியில இருந்து இல்ல." சொல்லிக்கொண்டே ஊசியை வாங்கி, இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்த நூலைத் தூக்கி, அதில் ஒன்று பின்னிக் காட்டினாள். எந்தக் கண்ணியையும் தொடாமல் புதிதாக ஒன்று முளைத்தது.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் ஓடியது. எண்பத்து நான்கை ஐந்தால் வகுத்தால் பதினாறு, மீதி நான்கு. பதினாறு கூடும். எண்பத்து நான்கும் பதினாறும் நூறு. மீதி நான்குதான் கடைசியில் சும்மா நின்ற கண்ணிகள். நான்காம் வகுப்பு வகுத்தல்! அந்த மீதியை முதல் நாளே அவள் என்னிடம் சொன்னாள். நான் சொன்னபடி எண்பதில் ஆரம்பித்திருந்தால் மிச்சமே நின்றிருக்காது. என் நிரூபணத்தை உடைக்கிற ஒரே சாட்சியை அவள் கையில் கொண்டுவந்து கொடுத்தும் நான் வாங்கவில்லை. விடை எனக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டதால் அதை அத்தோடு நம்பிவிட்டேன்.

"இனி புதுசாப் பழக வேண்டா" என்றாள் அந்தப் பெண். "சேச்சிக்குக் கை பழகினதையே செய்யட்டும். மூணு பின்னு, நாலாவதை ரெண்டாக்கு. சரியா வரும்."

எண்பத்து நான்கை நான்கால் வகுத்தால் இருபத்தொன்று. நூற்றைந்து. மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. மனைவியே விரல் விட்டு ஏதோ எண்ணிவிட்டு, "ஆமா, வரும்" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

ஸ்வெட்டர் வாங்கவில்லை. அந்தப் பெண் எங்களுக்காக அரை மணி நேரம் வியாபாரத்தைக் கவனிக்காமல் இருந்தாளே என்று மரியாதைக்கு ஒரு மங்கி குல்லா வாங்கினேன். கம்பம் வெயிலில் அதை எங்கே போடுவது? இன்னமும் பீரோவில்தான் இருக்கிறது.

பஸ் மலை இறங்கி லோயர் கேம்ப் பக்கம் வந்தபோது அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி அதுவரை நான் அவளிடம் மன்னிப்பு என்று ஒன்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை என்பதல்ல, வந்ததெல்லாம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். "தப்பு என்னோடதுதான். நீ சொன்ன எதையும் நான் கேக்கல. உன் ஒன்பது நாளை இழுத்துப் போட்டேன். மன்னிச்சிரு" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பாமலே, "எங்க அப்பா எண்ணுனது தப்புன்னீகள்ல? அதுதான் எனக்கு ஆறல" என்றாள்.

"அவுக எண்ணுனது சரி."

"சரி விடுங்க. பஸ்ஸுல வச்சு அழுகாதீக. உங்ககிட்டப் படிச்ச பிள்ளைக எதுவும் ஏறப் போகுது."

வீட்டுக்கு வந்ததும் கூட்டும் வரிசையை மட்டும் பிரித்தாள். இந்தத் தடவை அவள் கையாலேயே பிரித்தாள், நான் தொடவில்லை. மூன்று பின்னி நாலாவதை இரண்டாக்கினாள். கடைசியில் ஒரு கண்ணிகூட மிச்சம் நிற்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி 'லாபம்' என்று ஆரம்பித்து எண்ணினாள். நூற்றைந்து. மதுரையிலிருந்து திரும்பியிருந்த மகள் கை தட்டினாள். நானும் தட்டினேன்.

பிறகு நாட்களைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. முதுகு, முன்பக்கம், இரண்டு கைகள், எல்லாம் இருபத்திரண்டு நாட்களுக்குள். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். என் சாம்பாரைப் பற்றி இங்கே பேச வேண்டாம். "ஏலே ஆத்தா, அங்கன போயி அம்மா சோறுதான் தேடும்னு நினைச்சேன். இனி எந்தச் சோறும் உனக்கு அமிர்தமாத்தான் இருக்கும்" என்று மகளிடம் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்னினாள். அவள் திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அடுப்படியில் நின்றேன்.

கிளம்பும் நாளன்று இடது கையை உடம்போடு சேர்த்துத் தைக்கும் வேலை பாக்கி. கொச்சி விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது பின் சீட்டில் தைத்துக்கொண்டே வந்தாள். பீருமேடு வளைவுகளில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். முண்டக்கயத்தில் டீக்கு நிறுத்தியபோது நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "முடிஞ்சது" என்று மகள் மடியில் போட்டாள். கொச்சிப் புழுக்கத்தில் மகள் அதை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வை வழிய, கழற்ற மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கரும்பச்சை முதுகு தெரிகிற வரை என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அத்தனை நிமிர்வாக நான் பார்த்ததில்லை. அழுதாள், ஆனால் நிமிர்ந்து நின்று அழுதாள்.

இந்த இரண்டு வருடங்களில் என் வகுப்பில் ஒன்று மாறியிருக்கிறது. விடை தப்பாக வந்தால் முன்பெல்லாம் தாளைப் பார்த்து எங்கே தவறியிருப்பான் என்று நானே ஊகித்து, சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். இப்போது பலகைக்குக் கூப்பிட்டு, "உன் வழியிலேயே போட்டுக் காட்டு, நான் பாக்குறேன்" என்கிறேன். போன வாரம்கூட ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண், மூன்று பரீட்சையில் ஒரே மாதிரி தப்புச் செய்தவள், என் கண் முன்னால் போட்டுக் காட்டினாள். எட்டாம் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு குறுக்குவழியை அப்படியே நம்பிக்கையாகச் செய்துகொண்டு வந்திருக்கிறாள். இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவள் திரும்பி இடத்துக்குப் போகும்போது அவள் முகத்தில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

இப்போதும் எனக்குக் கணக்கில் தலைக்கனம் உண்டு, அது போகாது. ஆனால் இருபத்து நான்கு வருடமாக எத்தனையோ பிள்ளைகளின் தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, அதில் எத்தனை என்னுடைய கவனக்குறைவு என்று நினைக்கும்போது மட்டும் கையில் இருக்கிற சிவப்புப் பேனா கொஞ்சம் தயங்கித்தான் தாளைத் தொடுகிறது.